17 போட்டிகள், 14,600 ரூபாய், ஒரு குடம் தண்ணீர்

கேள்வி: வணக்கம் சார். தூத்துக்குடிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் உப்பளங்களுக்குப் போய்ப் படமெடுக்கிறேன். 24 மெகாபிக்சல் கேமரா, இரண்டு லென்ஸ். கடந்த இரண்டு வருடத்தில் 17 போட்டிகளுக்கு அனுப்பினேன். நுழைவுக் கட்டணமாக மட்டும் 14,600 ரூபாய் போயிருக்கிறது. கிடைத்தது ஐந்து அக்செப்டன்ஸ் (பரிசு இல்லாத தேர்வு), ஒரு சான்றிதழ். நண்பர்கள், "விடாமல் அனுப்புங்க டீச்சர், ஏ.எஃப்.ஐ.ஏ.பி. பட்டம் வாங்கிடலாம்" என்கிறார்கள். போன மாதம் ஐரோப்பாவில் ஒரு கேலரியிலிருந்து, உங்கள் படங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், ஒரு படத்துக்கு 320 யூரோ கட்டினால் கண்காட்சியில் வைக்கிறோம் என்று மெயில் வந்தது. சென்னையில் சொந்தமாக ஒரு கண்காட்சி வைக்கவும் ஆசை. எதில் பணத்தைப் போடுவது? எட்டுப் படங்கள் இணைத்திருக்கிறேன். ஒன்றில் ஒரு மின்கம்பத்தை அழித்திருக்கிறேன். அது தப்பா?

பதில்: முதலில் அந்த மெயில் விஷயத்தை முடித்துவிடுவோம். கட்டாதீர்கள்.

ஒரு படத்துக்கு 320 யூரோ என்றால் நம் பணத்தில் ஏறக்குறைய முப்பதாயிரம். அந்தத் தொகையில் உங்கள் கண்காட்சிக்கான பிரிண்டுகளில் பெரும்பகுதியை இங்கேயே போட்டுவிடலாம். நல்ல கேலரி படத்தை விற்றுச் சம்பாதிக்கும். விற்ற விலையில் சில இடங்களில் பாதி வரை கூடக் கமிஷன் எடுக்கும். நமக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நியாயமான வியாபாரம். படம் விற்றால்தான் அவர்களுக்கும் பிழைப்பு. உங்களுக்கு எழுதியவர்களுக்குப் படம் விற்க வேண்டிய அவசியமே இல்லை. சுவரில் மாட்டுவதற்கு முன்பே உங்களிடம் பணத்தை வாங்கிவிடுவார்கள். பார்க்க யார் வருகிறார்கள் என்பதுகூட அவர்களுக்குக் கவலையில்லை. இன்னொன்றையும் கவனித்தீர்களா? தேர்ந்தெடுத்துவிட்டோம் என்கிறார்கள், எந்தப் படத்தை என்று சொல்லவில்லை. அசல் கோப்பையும் கேட்கவில்லை. இந்த மாதிரிக் கடிதம் எனக்கும் வந்திருக்கிறது. அப்போது நான் ஆறு மாதமாகக் கேமராவையே தொட்டிருக்கவில்லை.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

எட்டையும் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் விடிகாலையில் தலையில் கூடையோடு வரிசையாகப் பெண்கள் நடக்கிறார்கள், பாத்தித் தண்ணீரில் அவர்கள் நிழல் தலைகீழாகத் தெரிகிறது. உங்கள் ஐந்து அக்செப்டன்ஸில் நான்கு இந்தப் படத்துக்குத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆச்சரியமில்லை, அழகான படம். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அதுவல்ல, நான்காவது படம். ஓலைக் கொட்டகையின் அரை இருட்டில் ஒரு அம்மா உட்கார்ந்து, வெடித்த பாதத்தில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறார். முகம் பாதிதான் தெரிகிறது. வெளியே வாசலில் உப்பு அம்பாரம் கண் கூசுகிற வெள்ளையாக நிற்கிறது. ஏழு போட்டிகளில் இது தள்ளுபடி ஆனது என்கிறீர்கள். அதிலும் எனக்கு ஆச்சரியமில்லை.

நடுவர் மேசையில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் மனது கொஞ்சம் ஆறும். நம் ஆட்கள் 'சலோன்' என்று சொல்கிற போட்டிகளில் (முடிவெட்டும் சலூனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பாரிஸில் லூவர் அரண்மனையின் 'சலோன் காரே' என்ற அறையில் ஓவியங்களை வைத்த காலத்திலிருந்து வருகிற பேர்) மூன்று நடுவர்கள் முன்னால் படங்கள் திரையில் ஓடும். ஆயிரக்கணக்கில் ஓடும். ஒரு படத்துக்குச் சில விநாடிதான். அதற்குள் ஒவ்வொருவரும் மதிப்பெண்ணை அழுத்த வேண்டும். அந்த வேகத்தில் எது ஜெயிக்கும்? பார்த்தவுடன் புரிகிற வடிவம், பளிச்சென்ற ஒளி, நடுவில் கறுப்பாக ஒரு உருவம். உங்கள் நிழல் படம் அந்த மூன்று விநாடிக்கென்றே பிறந்தது. குடத்துத் தண்ணீர் படத்துக்கு இருபது விநாடி வேண்டும். முதலில் இருட்டு, பிறகு கை, பிறகு பாதம், அப்புறம்தான் வாசலில் தெரிகிற அந்த வெள்ளையும் இந்த வெடிப்பும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று உறைக்கும். அதற்குள் நான் அடுத்த ஐந்தாறு படங்களுக்கு மார்க் போட்டு முடித்திருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு வருடம் ஒரே தாத்தா, ஒரே ஆட்டு மந்தை, பின்னாலிருந்து வெயில், நடுவே தூசி என்று பதினொரு பேர் அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் ஒரே பயிற்சி முகாம் வேனில் போனவர்கள். ஆட்டை ஓட்டத் தாத்தாவுக்குக் கூலி, தூசி கிளப்ப ஒரு பையனுக்குக் கூலி. ஏழாவது முறை வந்தபோது பக்கத்து நடுவர், "தாத்தா வந்துட்டாருப்பா" என்றார். அதில் இரண்டு படங்கள் தேர்வும் ஆயின. நானும் மார்க் போட்டேன், மறைக்க விரும்பவில்லை.

அதனால் உங்கள் நான்கு வருட உழைப்பைப் போட்டி ஒதுக்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனிப்படத்தை நிறுக்கிற தராசில் நீங்கள் ஒரு தொடரைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

ஏ.எஃப்.ஐ.ஏ.பி. பற்றிக் கேட்டீர்கள். 1950இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கிய சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு (எஃப்.ஐ.ஏ.பி.) தருகிற பட்டம் அது. போலி அல்ல, மதிப்பானதுதான். ஆனால் அதன் வழி எண்ணிக்கை வழி. பல நாட்டுச் சலோன்களில் இத்தனை படங்கள் தேர்வாக வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. எண்ணிக்கை சேர வேண்டுமென்றால் விடாமல் அனுப்ப வேண்டும், விடாமல் அனுப்பினால் விடாமல் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய செலவு கண்ணில் படாது: எது தேர்வாகும் என்று யோசித்தே படமெடுக்கத் தொடங்கிவிடுவீர்கள். பட்டம் வாங்கிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், அருமையான கலைஞர்கள். ஒளியையும் காட்சி அமைப்பையும் அந்தப் பயிற்சியில்தான் கற்றோம் என்பார்கள். இருபத்திரண்டு வயதில் எதைப் படமெடுப்பது என்று தெரியாமல் நிற்கிற பையனுக்கு நானே அந்த வழியைச் சொல்வேன். உங்களுக்கு எதை எடுப்பது என்று தெரிந்துவிட்டது. இனி அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

போட்டியே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வருடத்துக்கு மூன்று போதும். அதிலும் கட்டணம் இல்லாத பெரிய போட்டிகள் இருக்கின்றன: சோனி உலகப் புகைப்பட விருதுகள், துபாயின் ஹம்தான் விருது, பத்திரிகைப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ. கடைசியாகச் சொன்னது தொழில்முறையாளர்களுக்கானது, இப்போதைக்குத் தூரம். ஆனாலும் அதில் ஜெயித்தவர்களின் தொடர்களைப் பாருங்கள். 2022இல் அங்கே சிறப்புக் குறிப்பு பெற்றவர்களில் ஒருவர் புதுச்சேரிக்காரரான செந்தில் குமரன். புலிக்கும் மனிதனுக்குமான மோதலைப் பல வருடம் பின்தொடர்ந்து எடுத்த படங்கள் அவை. மதுரைக்காரரான பழனி குமாரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை விடாமல் பதிவு செய்தவர். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரில், கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு செய்கிற 'பாரி' இணையதளம் 2022இல் தொடங்கிய ஆவணப் புகைப்பட விருது முதலில் அவருக்குத்தான் போனது. இரண்டு பேருமே ஒரே விஷயத்தை வருடக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். நீங்களும் அந்த ரகம்.

இனி மின்கம்பம். எந்தப் பிரிவுக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'ஓப்பன்' என்கிற பொதுப் பிரிவு என்றால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இயற்கை, பத்திரிகை, ஆவணம், பயணம் என்ற பிரிவுகளில் கம்பத்தைத் தொடக்கூடாது. 2010இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் ஸ்டெபான் ருடிக் என்ற உக்ரைன் புகைப்படக்காரரின் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் செய்தது என்ன தெரியுமா? கட்டுப் போடுகிற ஒரு கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்த யாரோ ஒருவரின் பாதத்தின் சிறு துணுக்கை அழித்தார், அவ்வளவுதான். படத்தின் பொருள் அதனால் கொஞ்சமும் மாறவில்லை. ஆனாலும் ரா ஃபைலை (கேமராவில் பதிவான அசல் கோப்பை) வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தபோது மாட்டிக்கொண்டார். 2015இல் அதே போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் 20 சதவீதத்தை இந்த மாதிரித் திருத்தங்களுக்காகவே வெளியேற்றினார்கள்.

இதைவிட முக்கியமானது நீங்கள் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. "அந்த அக்காவை இன்னொரு தடவை கூடையைத் தூக்கச் சொன்னேன், நல்லா வந்துச்சு." ஆவணப் பிரிவில் அது கம்பத்தைவிடப் பெரிய தவறு. ஒரு ஓநாய் கதவைத் தாண்டிக் குதிக்கிற படத்துக்கு 2009ஆம் வருட லண்டன் காட்டுயிர்ப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஆனால் ஓநாய் பழக்கப்பட்ட ஓநாய் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சில மாதத்தில் பரிசு பறிபோனது. போட்டோஷாப்பில் செய்தால்தான் பொய் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தொடரிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். உப்பு வாருகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கூடையைத் தூக்குகிறார்கள், காத்திருந்தால் இன்னொரு படம் கிடைக்கும். உங்களுக்காக அந்த அக்கா ஒரு சுமை கூடுதலாகத் தூக்கியிருக்கிறார் என்பதும் எனக்கு உறுத்துகிறது.

அனுப்புவதற்கு முன் விதிமுறைகளில் ஒரே ஒரு பத்தியையாவது முழுதாகப் படியுங்கள்: உரிமை பற்றிய பத்தி. "எந்தக் காலத்துக்கும், எந்த நோக்கத்துக்கும், கட்டணமின்றி, திரும்பப் பெற முடியாதபடி" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால் அது போட்டி அல்ல, மலிவாகப் படம் சேர்க்கிற ஏற்பாடு. போட்டியை விளம்பரப்படுத்த மட்டும், எடுத்தவர் பெயரோடு, குறிப்பிட்ட காலத்துக்கு என்று இருந்தால் தாராளமாக அனுப்பலாம். நம் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான் செல்லும். இது தெரிந்த சிலர், "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று அலட்சியமாகக் கிளிக் செய்கிறார்கள். போட்டிக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் உரிமை மாற்றம் அல்ல, பயன்படுத்த அனுமதி. அது வேறு. உப்பு நிறுவன விளம்பரத்தில் அந்தக் குடத்து அம்மா வந்து நின்றால் அவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

கண்காட்சிக்கு வருவோம். வையுங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம்.

காரணம் உங்கள் எட்டுப் படத்திலும் வெயில் அடிக்கிறது. நான்கு வருடம் எடுத்திருக்கிறீர்கள், மழைக்காலமே இல்லை. அக்டோபர் கடைசியில் மழை பிடித்தால் பாத்திகள் மூழ்கிவிடும், உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் இந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள்? கூலிக்கு வேறு வேலையா, கடனா, நகை அடகுக்குப் போகிறதா? அதை எடுக்காத வரைக்கும் பார்க்கிறவனுக்கு இது 'உப்பளத்தின் அழகு' என்ற கண்காட்சியாகத்தான் தெரியும். தூத்துக்குடி உப்பளத்தை அழகாக எடுக்க ஊர் ஊராக வந்து போகிறார்கள். மழையில் அங்கேயே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். பள்ளி விடுமுறை விடுகிற கனமழை நாட்களே போதும்.

அதுவரை இன்னொரு வேலை செய்யுங்கள். ஊரில் இருக்கிற கலர் லேபில் 200 படங்களை மேக்ஸி சைஸில் (அஞ்சலட்டை அளவு) போட்டு வாங்குங்கள். வீட்டுத் தரையில் பரப்புங்கள். கணினித் திரையில் ஒரு படம் பக்கத்துப் படத்தோடு பேசாது, தரையில் பேசும். ஒரே விஷயத்தைச் சொல்கிற இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் 25இல் நிற்கும். கடைசியில் நீங்கள் ரொம்ப நேசிக்கிற, ஆனால் தொடரில் ஒட்டாத ஒரு படம் வெளியே நிற்கும். அந்த நிழல் படமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு அழைப்பிதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்ட்தான் என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன். உங்கள் 24 மெகாபிக்சல் கோப்பு 6000க்கு 4000 புள்ளி. 18க்கு 12 அங்குலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி தாராளமாகக் கிடைக்கும். 30க்கு 20 போனால் 200, தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அதுவும் போதும். எல்லாவற்றையும் பெரிதாகப் போடாதீர்கள். குடத்துப் படத்தை நான் சின்னதாகவே போடுவேன், கிட்டே வந்து குனிந்து பார்க்க வேண்டும்.

உப்புதான் உங்களுக்குப் பிரிண்டில் பெரிய வில்லன். பிரிண்டர் வெள்ளை மை அடிப்பதில்லை. படத்தில் முழு வெள்ளையான இடத்தில் மையே விழாது, வெறும் காகிதம்தான் தெரியும். திரையில் பளபளத்த அம்பாரம் சுவரில் ஒரு ஓட்டையாகிவிடும். பளபளப்புக் காகிதம் என்றால் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மினுக்கும். அதனால் 255 வரை (எடிட்டிங் மென்பொருளில் முழு வெள்ளைக்கான எண் அது) போகவிடாமல் உப்பின் உச்ச வெளிச்சத்தை 245 அருகில் நிறுத்துங்கள். உப்புப் பரல் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல். பருத்திக் கூழில் செய்த மேட் (பளபளப்பில்லாத) காகிதம், 300 ஜி.எஸ்.எம். கனத்தில், இந்தத் தொடருக்குப் பொருந்தும். மொத்தத்தையும் ஒரே நாளில் ஆர்டர் கொடுக்க வேண்டாம். மூன்று படங்களை ஏ4 அளவில் போட்டுப் பார்த்து, பகல் வெளிச்சத்திலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பாருங்கள். திரையைவிட இருட்டாக இருக்கும். எல்லாரும் பிரிண்டரைத் திட்டுவார்கள், குற்றம் பெரும்பாலும் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்த மானிட்டர் மேல்தான்.

பிரேமுக்குள் பிரிண்ட் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவில் மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டை) இடைவெளி வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் இறங்கினால் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மை உரியும். என் முதல் கண்காட்சியில் இரண்டு படம் அப்படிப் போனது. அதே கண்காட்சியில் எனக்கு முன்னால் வைத்தவர் அடித்துவிட்டுப் போன ஆணிகளிலேயே சோம்பலில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வரட்டும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருட்டுப் படங்களை மாட்டாதீர்கள், கண்ணாடியில் தெரு தெரியும்.

சென்னையில் இடம் என்றால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி இருக்கிறது, சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. இரண்டிலும் கூடத்தை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நாள் வாடகையோடு சுமை கூலி, அழைப்பிதழ், தங்குமிடம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். படம் விற்று அதை எடுத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். சென்னை போட்டோ பியனாலே என்கிற புகைப்பட விழாவின் திறந்த அழைப்புகளையும் கவனித்துக்கொண்டிருங்கள். 2016இல் அவர்கள் முதல் முறை நடத்தியபோது ரயில் நிலையம், பூங்கா என்று பொது இடங்களிலும் படங்களை வைத்தார்கள். கூட்டத்தைத் தேடிப் படம் போனது.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஏன் சென்னையில் தொடங்க வேண்டும்? உங்கள் பள்ளியின் ஒரு வகுப்பறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைமையாசிரியர் அனுமதி. கயிறு கட்டிக் கிளிப்பில் மாட்டினால் பிரேம் செலவும் இல்லை. அந்தப் பெண்கள் வந்து பார்க்கட்டும். எந்தப் படத்தின் முன் நிற்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எதை "இதை வைக்காதீங்க டீச்சர்" என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வைக்காதே என்றால் எடுத்துவிடுங்கள். படத்தில் இருப்பவர்களின் சம்மதத்தை அன்றைக்கே எழுதி வாங்கலாம். அளத்துக்காரரிடம் அவர்களுக்கு ஏதாவது சிக்கல் வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் போட அவர்களுக்குச் சம்மதம் என்றால் கேப்ஷனில் பெயர், இடம், மாதம் போடுங்கள். 'உழைப்பு', 'நம்பிக்கை', 'வாழ்க்கைப் பாதை' மாதிரித் தலைப்பெல்லாம் போட்டிகளோடு போகட்டும்.

பணக் கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டு வருடத்தில் 14,600 என்றால் மாதம் 600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதை அப்படியே ஒரு தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், மழைப் படங்கள் முடிகிறபோது பிரிண்டுக்கு உதவும். மழைக்குப் பிறகு 25ஐயும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பி.கு.: ஆறாவது படத்தில் அடிவானம் வலப்பக்கம் சரிகிறது. உப்புத் தண்ணீர் வழிந்துவிடும் போலிருக்கிறது. பிரிண்டுக்கு முன் நேராக்கிவிடுங்கள்.